பிக்கப் ட்ரக்குல கேம்பர், ட்ரெய்லர் லோடு ஏத்துறது: எல்லாரும் கேக்குற கேள்விகள்

அமெரிக்கா, கனடாவுல நம்ம ஆளுங்க நிறைய பேர் பிக்கப் ட்ரக் வாங்கிட்டாங்க, அதுல பாதி பேர் அடுத்த சம்மருக்குள்ள பின்னாடி இழுத்துட்டுப் போற வீடு மாதிரி ஒரு ட்ராவல் ட்ரெய்லரோ, ட்ரக் மேலயே தூக்கி வைக்கிற ட்ரக் கேம்பரோ வாங்கிடறாங்க. வாங்கினதுக்கு அப்புறம்தான் சந்தேகம் வருது. வாட்ஸ்அப் க்ரூப்ல, பர்த்டே பார்ட்டில, கேம்ப்கிரவுண்ட்ல எங்க பாத்தாலும் ஒரே கேள்விகள்தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கணக்கெல்லாம் பவுண்ட்ல, ஏன்னா ட்ரக், ட்ரெய்லர், ரெண்டையும் இணைக்கிற ஹிட்ச் எல்லாத்துலயும் பவுண்ட்தான் பேசறாங்க.

ட்ரக் 11,000 பவுண்ட் இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான், நான் பாக்குற ட்ரெய்லர் 7,500 தான், அப்புறம் என்ன கவலை?

கவலையே அங்கதான் ஆரம்பிக்குது. அந்த 11,000ங்கிறது இன்ஜின், கியர்பாக்ஸ், ப்ரேக், ஃப்ரேம் எல்லாம் சேர்ந்து எவ்ளோ இழுக்கும்ங்கிற கணக்கு. இப்ப பெரும்பாலான கம்பெனிங்க எஸ்ஏஇ ஜே2807ங்கிற ஸ்டாண்டர்ட் படிதான் அதை சொல்றாங்க, அந்த டெஸ்ட்ல ட்ரக்குக்குள்ள ரெண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்ட், கூட ஹிட்ச் சாமானுக்கு ஒரு 70 பவுண்ட், அவ்ளோதான். பின் சீட்ல புள்ளைங்க கிடையாது, பெட்டுல, அதாவது பின்னாடி சாமான் ஏத்துற இடத்துல, கூலர் கிடையாது, சைக்கிள் கிடையாது.

நம்ம குடும்பத்தோட போகும்போது அந்த நம்பர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வேற ஒரு நம்பர் தீர்ந்துடும். அதுதான் பேலோடு. ட்ராவல் ட்ரெய்லர் இழுக்குற ஹாஃப் டன் ட்ரக்குல (எஃப்-150, ராம் 1500 மாதிரி) முதல்ல காலியாகுறது எப்பவுமே பேலோடுதான்னு நினைச்சுக்கிட்டு கணக்கை ஆரம்பிங்க, பெரும்பாலும் அதுதான் உண்மையா இருக்கும்.

பேலோடுன்னா என்ன, அதை எங்க பாக்கணும்?

டிரைவர் கதவைத் திறங்க. கதவு பூட்டுற தூண்ல, இல்லன்னா கதவு ஓரத்துலயே, ரெண்டு ஸ்டிக்கர் இருக்கும். ஒண்ணு டயர் படம் போட்டு டயர் சைஸ், காத்து அளவு எல்லாம் இருக்குற ஸ்டிக்கர், அதுலதான் ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோ, இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அதுதான் உங்க பேலோடு. இன்னொரு ஸ்டிக்கர்ல ஜிவிடபிள்யூஆர்னு ஒரு நம்பர், அதாவது ட்ரக் எல்லா லோடோடயும் சேர்த்து மொத்தமா எவ்ளோ இருக்கலாம்ங்கிறது, அப்புறம் முன் ஆக்ஸிலுக்கு எவ்ளோ பின் ஆக்ஸிலுக்கு எவ்ளோன்னு தனித்தனியா இருக்கும்.

ப்ரோஷர்ல இருக்குற பேலோடை நம்பாதீங்க, அது அந்த மாடல்லயே இருக்குறதுல அதிகமான நம்பர். பனோரமா சன்ரூஃப், லெதர் சீட், ஃபோர் வீல் டிரைவ்னு ஒவ்வொண்ணும் சேரச் சேர பேலோடு குறையும். ஒரே தெருவுல ஒரே கலர்ல நிக்குற ரெண்டு ட்ரக்குக்கு 400 பவுண்ட் வித்தியாசம் இருக்கலாம். வாங்குனதுக்கு அப்புறம் நீங்க மாட்டுன பெட் கவர், ஸ்டெப், டூல்பாக்ஸ் எல்லாத்தையும் ஸ்டிக்கர் நம்பர்ல இருந்து நீங்களே கழிச்சுக்கணும்.

ட்ரெய்லர் வெயிட் ட்ரெய்லர் சக்கரத்து மேலதான நிக்குது, அதை எதுக்கு பேலோடுல கழிக்கணும்?

முழுசா இல்ல. ட்ரெய்லரோட மூக்கு உங்க ஹிட்ச் பால் மேல உக்காந்து அமுக்குதுல்ல, அந்த அமுக்குற எடைக்குப் பேரு டங் வெயிட். சாதாரண ட்ராவல் ட்ரெய்லர்னா லோடு ஏத்துன மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் டங்ல இருக்கணும், ஃபிஃப்த் வீல்னா, அதாவது ட்ரக் பெட்டுக்குள்ளயே ஹிட்ச் வச்சு மாட்டுற பெரிய ட்ரெய்லர்னா, 15ல இருந்து 25. அந்த எடையை ட்ரக் சுமக்குது, அதனால அது பேலோடு.

சரி, அப்போ என் ட்ரக்குக்கு எவ்ளோ பெரிய ட்ரெய்லர் வாங்கலாம்? ஒரு கணக்கு போட்டு காமிங்க.

ஸ்டிக்கர்ல 1,550 பவுண்ட்னு வச்சுக்குவோம், நாலு கதவு வச்ச ஹாஃப் டன் க்ரூ கேப்ல சகஜமா பாக்குற நம்பர்தான். அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து 340, ரெண்டு பசங்க 160, ஆக 500 போச்சு. பெட் கவர், ஐஸ் போட்ட கூலர், சின்ன ஜெனரேட்டர், ரெண்டு சைக்கிள், விறகு, 20 பவுண்ட் சோனா மசூரி மூட்டை, இட்லி பாத்திரம், இன்னும் அது இதுன்னு ஒரு 300. வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் (அது எதுக்குன்னு கீழ சொல்றேன்) தனியா 90. மிச்சம் 660.

அந்த 660 தான் உங்களால தாங்க முடியுற டங் வெயிட். டங் 13 சதவீதம்னு வச்சா 660ஐ 0.13ல வகுத்தா கிட்டத்தட்ட 5,000 பவுண்ட். அதாவது 11,000 இழுக்கும்னு சொன்ன ட்ரக்குல உங்க குடும்பத்துக்கு சரியா வர்ற ட்ரெய்லர், லோடு எல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம், 5,000. பெரியவங்க ஊர்ல இருந்து வந்து அஞ்சாவது சீட்ல உக்காந்தா இன்னும் 1,000 பவுண்ட் கம்மி. இந்த கணக்கை டீலர்ஷிப்ல யாரும் போட்டு காமிக்க மாட்டாங்க, நீங்களே ஃபோன் கால்குலேட்டர்ல போட்டுட்டு போங்க.

டீலர் ட்ரை வெயிட் 4,600 தான்னு சொல்றாரு, 5,000க்குள்ள வந்துடுச்சே?

ட்ரை வெயிட்ல யாரும் கேம்பிங் போறதில்ல. தண்ணி இல்லாம, பெரும்பாலும் பேட்டரி கூட இல்லாம, உங்க துணி பாத்திரம் மெத்தை எதுவும் இல்லாம இருக்குற எடை அது. பாக்க வேண்டியது ட்ரெய்லரோட சொந்த ஜிவிடபிள்யூஆர், முன்பக்கம் இடது மூலையில ஒட்டியிருக்கும். அந்த நம்பருக்கு 13 சதவீதம் டங் போட்டு கணக்கு பாத்தா பயமில்லாம தூங்கலாம். அது முடியலன்னா ட்ரை வெயிட்டோட குறைஞ்சது 800, 1,000 பவுண்டாவது சேத்துக்கோங்க.

ப்ரோஷர்ல போட்டிருக்குற டங் வெயிட்டும் அப்படித்தான். ப்ரோபேன் சிலிண்டரும் பேட்டரியும் ட்ரெய்லர் மூக்குலயே உக்காந்திருக்கும், 30 பவுண்ட் சிலிண்டர்னா தகரத்தோட சேர்த்து ஒண்ணு 55 பவுண்ட், ரெண்டு இருந்தா 110, அது அப்படியே டங்ல ஏறும்.

ஹாஃப் டன்னா ஆயிரம் பவுண்ட்தான் தாங்குமா?

அந்தக் காலத்து பேரு, இப்ப அதுக்கும் எடைக்கும் சம்பந்தமில்ல. எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 எல்லாம் ஹாஃப் டன், பெரும்பாலும் 1,300ல இருந்து 1,900 வரைக்கும் பேலோடு வரும். எஃப்-250, 2500 எல்லாம் முக்கால் டன், எஃப்-350, 3500 ஒரு டன்.

அப்போ முக்கால் டன் டீசல் வாங்கிட்டா பிரச்சனை தீர்ந்துச்சா?

ஸ்டிக்கரைப் பாத்துட்டு சொல்லுங்க. டீசல் இன்ஜினே பல நூறு பவுண்ட் அதிகம், முக்கால் டன்ல ஜிவிடபிள்யூஆரை பெரும்பாலும் 10,000 பவுண்ட் பக்கத்துலயே நிறுத்தி வச்சிருப்பாங்க. அதனால எல்லா ஆப்ஷனும் போட்ட டீசல் முக்கால் டன்ல பேலோடு 2,000 பக்கம் தான் நிக்கும், அதே ட்ரக் பெட்ரோல் இன்ஜின்ல கணிசமா அதிகம் வரும். 12,000 பவுண்ட் ஃபிஃப்த் வீலுக்கு 20 சதவீதம் போட்டாலே 2,400, அங்கயே முடிஞ்சுது. அந்த மாதிரி ஆசை இருந்தா நேரா ஒரு டன் பாருங்க. விலை வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவு இருக்காது.

ட்ரக் பெட்டுல சாமானை எப்படி அடுக்கணும்?

கனமானது எல்லாம் கேபின் பக்கம், கீழ. பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி வைக்கிற எடையில கொஞ்சம் முன் சக்கரத்துக்கும் போகும், ஆக்ஸிலுக்கு பின்னாடி வச்சா முன் சக்கரம் லேசாகும். ட்ரெய்லர் மாட்டும்போது ஏற்கெனவே முன்பக்கம் லேசாகுது, அதோட ஜெனரேட்டரையும் டெயில்கேட் ஓரமா வச்சா ஸ்டியரிங் மிதக்குற மாதிரி இருக்கும்.

கட்டாம எதையும் விடாதீங்க. ஹைவேல ப்ரேக் அடிச்சா கூலர் கேபின் கண்ணாடிக்கு வரும், காத்துல காலி பிளாஸ்டிக் டப்பா பின்னாடி வர்றவன் விண்ட்ஷீல்டுக்கு போகும். ராட்செட் ஸ்ட்ராப் லேபிள்ல ரெண்டு நம்பர் இருக்கும், பெரிசா போட்டிருக்குறது அறுந்து போற எடை, நீங்க பாக்க வேண்டியது வொர்க்கிங் லோடு, அது பொதுவா மூணுல ஒரு பங்குதான். 1,500னு பெரிசா எழுதியிருந்தா உங்களுக்கு 500. பஞ்சி கயிறு தார்ப்பாய்க்கு சரி, ஜெனரேட்டருக்கு ஆகாது. கயாக், ஏணி மாதிரி நீளமானது டெயில்கேட்டைத் தாண்டி நீட்டினா நிறைய ஸ்டேட்ல 4 அடிக்கு மேல சிவப்புக் கொடி கட்டணும், ஒன்டாரியோவுல 1.5 மீட்டர்.

ட்ரெய்லருக்குள்ள? டங் வெயிட் பிரச்சனைன்னா சாமானை எல்லாம் பின்னாடி தள்ளிட்டா லேசாயிடும்ல?

தயவுசெஞ்சு வேணாம். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. டங் 10 சதவீதத்துக்கு கீழ போனா ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும், ஸ்வேன்னு சொல்றாங்களே அது. 50 மைல் வேகத்துல ஒண்ணும் தெரியாது, 65ல ஒரு பெரிய லாரி உங்களைத் தாண்டிப் போகும்போது அதோட காத்து தள்ளி ட்ரெய்லர் பின்பக்கம் இப்படி அப்படின்னு வீச ஆரம்பிக்கும், ஒவ்வொரு வீச்சும் முன்னதை விட பெருசாகும், கடைசில ட்ரக்கையே திருப்பிப் போட்டுடும். பின் பம்பர்ல சைக்கிள் ரேக் மாட்டுறது, பின்பக்க ஸ்டோரேஜ்ல டூல்ஸ் எல்லாம் போடுறது, இதெல்லாம் அப்படித்தான் முடியுது.

சாமானோட 60 சதவீதம் ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கு முன்னாடி இருக்கட்டும், ரொம்ப கனமானது ஆக்ஸிலுக்கு மேலயே, தரையோட. இடது வலதும் பாருங்க, ஸ்லைட்-அவுட் (நிறுத்தினதும் வெளிய இழுத்து விடுற அறை), கிச்சன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே பக்கம் இருக்குற மாடல்ல அந்தப் பக்கம் ஏற்கெனவே கனம். டங் வெயிட் அதிகமா இருந்து பேலோடு பத்தலன்னா ட்ரெய்லரை சின்னதாக்குங்க, இல்லன்னா சாமானைக் குறைங்க. பின்னாடி தள்ளுறது தீர்வே இல்ல.

ஓட்டும்போதே ஆட ஆரம்பிச்சுடுச்சு, அப்போ என்ன பண்றது?

கை கால் எல்லாம் ப்ரேக்கை மிதின்னுதான் சொல்லும், மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கையும் எதிர்ப்பக்கம் திருப்பி சரி பண்ணப் பாக்காதீங்க. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு, டிரைவர் பக்கத்துல ட்ரெய்லர் ப்ரேக்குக்குன்னு இருக்குற கன்ட்ரோலர்ல உள்ள சின்ன லீவரை கையால அமுக்குங்க. அது ட்ரெய்லர் ப்ரேக்கை மட்டும் பிடிக்கும், ட்ரெய்லர் பின்னாடி இழுத்து நேராயிடும். அந்த லீவர் எங்க இருக்குன்னு பார்க்கிங் லாட்லயே இருட்டுல தடவிப் பாத்து பழகிக்கோங்க. ஆட்டம் நின்னதும் ஓரம் கட்டி சாமானை மாத்தி அடுக்குங்க, நின்னுடுச்சேன்னு அப்படியே கிளம்பாதீங்க.

வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் எதுக்கு? அது போட்டா பேலோடு கூடுமா?

கூடாது. ஹிட்ச் பால் பின் ஆக்ஸிலுக்கு நாலஞ்சு அடி பின்னாடி இருக்கு, அங்க எடையை வச்சா சீசா பலகை மாதிரி பின் ஆக்ஸில் நடு முட்டா ஆகி முன்பக்கம் தூக்கும். பாலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் 65 இஞ்ச், வீல்பேஸ் 145 இஞ்ச்னா, 640 பவுண்ட் டங் வச்சா முன் ஆக்ஸில்ல கிட்டத்தட்ட 290 பவுண்ட் குறையும், பின் ஆக்ஸில்ல 640 இல்ல, 930 ஏறும். முன்பக்கம் லேசானா ப்ரேக்கும் ஸ்டியரிங்கும் சரியா பிடிக்காது, ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும்.

வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்ல ரெண்டு ஸ்ப்ரிங் பார் இருக்கும், அது நெம்புகோல் வேலை பண்ணி கொஞ்சம் எடையை முன் ஆக்ஸிலுக்கும் கொஞ்சத்தை ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கும் திருப்பி அனுப்பும். முழுசா பழைய நிலைக்கு கொண்டு வரணும்னு அவசியமில்ல, எவ்ளோ திரும்ப வரணும்னு ட்ரக் மேனுவல்லயே போட்டிருப்பாங்க. ட்ரக் பின்னாடி ஹிட்ச்சை சொருகுற ரிசீவர்லயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், குனிஞ்சு பாருங்க, இந்த பார் இல்லாம ஒரு ரேட்டிங், பாரோட ஒரு ரேட்டிங்னு ரெண்டு வரி. நிறைய ஹாஃப் டன்ல பார் இல்லாம 5,000 பவுண்ட் ட்ரெய்லர், 500 பவுண்ட் டங் தான்.

பின்பக்கம் அமுங்குது, பின் ஸ்ப்ரிங்குக்கு உதவியா காத்து அடைக்கிற ஏர்பேக் மாட்டிட்டா சரியாயிடுமா?

பாக்க நேரா நிக்கும், அவ்ளோதான். ஏர்பேக்கோ எக்ஸ்ட்ரா ஸ்ப்ரிங் பட்டையோ எதுவும் கதவு ஸ்டிக்கர்ல இருக்குற நம்பரை மாத்தாது, ஆக்ஸில், பேரிங், ப்ரேக், ஃப்ரேம் எல்லாம் அதேதான். மேல சொன்ன முன் ஆக்ஸில் லேசாகுற பிரச்சனையையும் அது சரி பண்ணாது. லிமிட்டுக்குள்ள இருக்கு, ஆனா பின்பக்கம் மெத்துனு இருக்குன்னா தாராளமா போடுங்க.

கணக்கெல்லாம் சரி, நிஜ எடையை எங்க போடுறது?

ஹைவே ஓரத்துல லாரிங்க நிக்குற ட்ரக் ஸ்டாப்ல, லவ்ஸ், பைலட், ஃப்ளையிங் ஜே மாதிரி இடத்துல கேட் (CAT) ஸ்கேல்னு லாரி எடை மேடைக்கு மஞ்சள் கறுப்பு போர்டு இருக்கும். யார் வேணும்னாலும் போகலாம், ஃபோன் ஆப்லயே காசு கட்டலாம். மேடை மூணு பாகமா பிரிஞ்சிருக்கும், முன் சக்கரம் முதல்லயும் பின் சக்கரம் ரெண்டாவதுலயும் ட்ரெய்லர் சக்கரம் மூணாவதுலயும் வர்ற மாதிரி நிறுத்துங்க. எல்லாரும் வண்டிக்குள்ளயே இருங்க, டேங்க் ஃபுல்லா இருக்கட்டும்.

மூணு தடவை போடுங்க. மேல சொன்ன அதே குடும்பம்னு வச்சுக்குவோம், ஜிவிடபிள்யூஆர் 7,050. ட்ரெய்லர் இல்லாம முன்னாடி 3,360, பின்னாடி 3,040, மொத்தம் 6,400. ட்ரெய்லர் மாட்டி பார் இல்லாம முன்னாடி 3,060, பின்னாடி 3,980, ட்ரெய்லர் சக்கரம் 4,360. ட்ரக் இப்ப 7,040, அதுல 6,400ஐ கழிச்சா 640, அதுதான் டங். 640ஐயும் 4,360ஐயும் கூட்டினா ட்ரெய்லர் சரியா 5,000, டங் 12.8 சதவீதம், அருமை. மூணாவது தடவை, ஸ்ப்ரிங் பார் மாட்டி, 3,260, 3,660, 4,480. முன்னாடி போன 300ல 200 திரும்பி வந்துடுச்சு, ட்ரக் மொத்தம் 6,920, லிமிட்டுக்குள்ள. பின் ஆக்ஸில் நம்பரை கதவு ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பாக்க மறக்காதீங்க, மொத்தம் சரியா இருந்தும் பின் ஆக்ஸில் மட்டும் தாண்டுறது உண்டு.

தண்ணி டேங்க்கை வீட்லயே ரொப்பிட்டு போகலாமா?

ஒரு கேலன் 8.3 பவுண்ட். 50 கேலன் டேங்க்னா 415 பவுண்ட். டேங்க் ட்ரெய்லர்ல எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க, முன்னாடி இருந்தா டங் ஏறும், ஆக்ஸிலுக்கு பின்னாடி இருந்தா டங் இறங்கும், ரெண்டுமே மேல போட்ட கணக்கை மாத்திடும். ஹூக்-அப் (தண்ணி கனெக்‌ஷன்) இருக்குற கேம்ப்கிரவுண்டுன்னா வழியில டாய்லெட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் போதும். கனெக்‌ஷன் இல்லாத இடத்துக்கு போறீங்கன்னா கேம்ப்கிரவுண்ட் பக்கத்துல போய் ரொப்புங்க. திரும்பி வரும்போது அழுக்குத் தண்ணி டேங்க்கை அங்கயே டம்ப் ஸ்டேஷன்ல காலி பண்ணிட்டு கிளம்புங்க, அதுவும் அதே எடைதான்.

ட்ரக் பெட்டுல தூக்கி வைக்கிற கேம்பர் வாங்குறேன், டங் வெயிட் தொல்லையே இல்லையே?

இல்லதான், ஆனா இங்க மொத்த கேம்பரும் பேலோடு. ஃபிஃப்த் வீல் ட்ரக் மேல அமுக்குற எடையை விட அதிகமா வரும். கெட்டியான சுவர் வச்ச கேம்பர் லோடோட 2,500, 3,500, பெருசுன்னா 4,000க்கு மேலயும் போகும், அதெல்லாம் ஒரு டன் ட்ரக் சமாச்சாரம், சிலது பின்னாடி நாலு சக்கரம் வச்ச டூயலி தான் தாங்கும். ஹாஃப் டன்னுக்கு கூரையைத் தூக்கி விரிக்கிற லேசான பாப்-அப் கேம்பர்தான் பொருந்தும், அதையும் எடை போட்டுட்டு சொல்லுங்க.

ரெண்டாவது விஷயம், எடை எங்க உக்காருதுங்கிறது. கேம்பர் பக்கவாட்டுல சென்டர் ஆஃப் கிராவிட்டி எங்கன்னு ஒரு அம்புக்குறியோ ஸ்டிக்கரோ இருக்கும். ட்ரக்கோட வர்ற பேப்பர்ல கேம்பர் வைக்கலாம்னா அந்தக் குறி பெட்டுல எங்கிருந்து எங்க வரைக்கும் இருக்கலாம்னு படம் போட்டிருக்கும், அது கண்டிப்பா பின் ஆக்ஸிலுக்கு முன்னாடிதான். கேம்பரை ஏத்துனதுக்கு அப்புறம் பக்கத்துல நின்னு பாருங்க, குறி சக்கரத்து நடு மையத்துக்கு பின்னாடி தெரிஞ்சா அந்த கேம்பர் உங்க பெட் நீளத்துக்கு ஆகாது. சில ஹாஃப் டன் பேப்பர்ல கேம்பர் வைக்கவே வேணாம்னு எழுதியிருக்கும், அதோட பேச்சு முடிஞ்சுது.

கேம்பர் லேபிள்ல எடை போடும்போது எத்தனை கேலன் தண்ணி, எத்தனை பவுண்ட் கேஸ், எவ்ளோ பெரிய ஃப்ரிட்ஜோட அந்த எடைன்னு எழுதியிருக்கணும். ஏசி, ஆனிங், ரெண்டாவது பேட்டரி எல்லாம் ஆப்ஷன்னா அதுல வராது.

கேம்பர்தான் அவ்ளோ கனமாச்சே, அது எங்க நகரப் போகுது? கட்டணுமா?

நகரும். பிளாஸ்டிக் லைனர் போட்ட பெட் வழுக்கும், ப்ரேக் அடிச்சா முன்னாடி வந்து பெட் சுவரை இடிக்கும். முதல்ல ஒரு கனமான ரப்பர் மேட் போடுங்க. டெயில்கேட்டை கழட்டி வீட்ல வையுங்க, கேம்பர் அது மேல உக்காரக் கூடாது. அப்புறம் நாலு மூலையிலயும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்குற கம்பி), முன்னாடி ரெண்டு முன்னோக்கி இழுக்கணும், பின்னாடி ரெண்டு பின்னோக்கி. பெட் தகரத்துல மாட்டுற கொக்கி வேணாம், ஃப்ரேம்ல மாட்டுற டை-டவுன்தான் வேணும், விலை ஜாஸ்திதான், ஆனா தகரம் கிழிஞ்சு வராது. கிளம்பி 20, 30 மைல்ல நிறுத்தி நாலையும் திரும்ப இறுக்குங்க, கண்டிப்பா ஒண்ணாவது தளர்ந்திருக்கும்.

டென்ட்டை ட்ரக் பெட் ரேக் மேல போட்டா?

ரேக்ல ரெண்டு ரேட்டிங் இருக்கும், ஓடும்போது எவ்ளோ, நிக்கும்போது எவ்ளோன்னு. டென்ட்டும் ரேக்கும் ஓடும்போதுள்ள நம்பருக்குள்ள இருக்கணும், நீங்க உள்ள படுக்குற எடைக்கு நிக்கும்போதுள்ள நம்பர். எடை உயரத்துல இருக்கறதால வளைவுல சாயும், டக்கோமா மாதிரி சின்ன ட்ரக்குல இது இன்னும் நல்லாவே தெரியும்.

டயர்ல என்ன பாக்கணும்?

பக்கச்சுவர்ல டிஓடி நம்பரோட கடைசி நாலு இலக்கம், 2319ன்னா 2019ல 23வது வாரம். ட்ரெய்லர் டயர் தேஞ்சு சாகுறதை விட வயசாகி வெடிக்கிறதுதான் அதிகம், ஆறு வருஷம் தாண்டினா ட்ரெட் எவ்ளோ நல்லா இருந்தாலும் மாத்திடுங்க. எஸ்டின்னு போட்ட ட்ரெய்லர் டயருக்கு வேற எதுவும் குறிப்பிடலன்னா 65 மைல்தான் லிமிட், டெக்சாஸ் ஹைவேல போர்டு 75ன்னு சொன்னாலும் உங்க டயருக்கு அது பொருந்தாது.

காத்து காலையில கிளம்புறதுக்கு முன்னாடி, சூடாகாதப்போ பாருங்க. ஓடி சூடானதும் ப்ரெஷர் ஏறும், அப்ப காத்தை இறக்கிடாதீங்க. ஸ்பேர் டயர்லயும் காத்து இருக்கான்னு பாருங்க, அதை யாரும் பாக்குறதில்ல.

ஃபிஃப்த் வீலை ஹாஃப் டன்ல போட்டுக்கலாம்னு சேல்ஸ்மேன் சொல்றாரு, ஹாஃப் டன் டோவபிள்னு ட்ரெய்லர்லயே எழுதியிருக்கே?

எழுதினவங்களுக்கு உங்க கதவு ஸ்டிக்கர் தெரியாது. 8,000 பவுண்ட் லோடோட 20 சதவீதம் 1,600, ஹிட்ச் மட்டும் 100, 200 பவுண்ட், அதுக்கப்புறம் உங்க குடும்பம் எங்க உக்காரும்? எடை ஆக்ஸிலுக்கு மேலயே வர்றதால ஓட்ட சுகமா இருக்கும்ங்கிறது உண்மை, கணக்கு வரலங்கிறதும் உண்மை. ஐந்தரை அடி பெட்ல இன்னொரு சிக்கல், ரிவர்ஸ்ல இறுக்கமா திருப்பும்போது ட்ரெய்லர் மூக்கு கேபின் பின் கண்ணாடியை இடிக்கும், அதுக்கு தனி ஸ்லைடர் ஹிட்ச் வேணும், அது இன்னும் கனம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஹிட்ச்ல என்னென்ன செக் பண்ணணும்?

பால் சைஸ் முதல்ல. 2 இஞ்ச்சும் 2-5/16 இஞ்ச்சும் கண்ணுக்கு ஒண்ணு போலவே இருக்கும், 2 இஞ்ச் பால்ல பெரிய கப்ளர், அதாவது பாலை மூடுற ட்ரெய்லர் மூக்கு, உக்காரவும் செய்யும், பூட்டவும் செய்யும், முதல் பெரிய பள்ளத்துல கழண்டு வரும். சைஸ் பால் தலையிலயே பொறிச்சிருக்கும். லாட்ச் பூட்டி பின் போட்டதுக்கு அப்புறம் டங் ஜாக்கை திருப்பி மேல தூக்குங்க, ட்ரக்கோட பின்பக்கமும் சேர்ந்து எழும்பினா சரியா பிடிச்சிருக்கு, கப்ளர் மட்டும் எழும்பினா பிடிக்கல.

செயின் ரெண்டையும் கப்ளருக்கு அடியில குறுக்கா போடுங்க, கழண்டா மூக்கு ரோட்டுல குத்தாம செயின் மேல விழும். ட்ரெய்லர் கழண்டா அதோட ப்ரேக்கைப் பிடிக்க வைக்கிற ப்ரேக்அவே கேபிளை செயின்லயோ ஹிட்ச்லயோ மாட்டாதீங்க, ட்ரக்குல தனியா மாட்டுங்க. ட்ரெய்லர் லைட், ப்ரேக்குக்கு கரண்ட் போற 7 பின் ப்ளக்கை சொருகி லைட் பாத்துட்டு, 5 மைல் வேகத்துல லீவரை அமுக்கி ட்ரெய்லர் ப்ரேக் பிடிக்குதான்னு பாருங்க. அப்புறம் ஜாக், படி, ஜன்னல், ஆன்டெனா.

பெட்ரோல் கேன், ப்ரோபேன் எல்லாம் பெட்டுல வச்சுக்கலாமா?

வெளிக்காத்துல, நிமிர்த்தி, கட்டி வச்சா வைக்கலாம், கேபினுக்குள்ளயோ மூடின கேம்பர் ஷெல்லுக்குள்ளயோ வேணாம். ஆனா பங்க்ல பெட்ரோல் பிடிக்கும்போது கேனை பெட்டுல வச்சு பிடிக்காதீங்க, கீழ தரையில இறக்கி வச்சுதான். பிளாஸ்டிக் லைனர் மேல இருக்குற கேன்ல ஸ்டாடிக் சேந்து தீப்பொறி வரும். ப்ரோபேன் வால்வை ஓடும்போது மூடிடுங்க, சில சுரங்கப்பாதையில ப்ரோபேனோட விட மாட்டாங்க, பால்டிமோர் பக்கம் போறவங்க ரூட்டை முன்னாடியே பாருங்க.

இந்த லிமிட்டெல்லாம் தாண்டினா போலீஸ் பிடிப்பாங்களா? லைசென்ஸ் தனியா வேணுமா?

பிடிக்கிறது இடத்தைப் பொறுத்தது, ஆக்சிடென்ட் ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்குறது எடைதான். லைசென்ஸ் ஒவ்வொரு ஊர்லயும் வேற. ஒன்டாரியோவுல சாதாரண ஜி லைசென்ஸ்ல ட்ரெய்லர் 4,600 கிலோ வரைக்கும், ட்ரக்கும் சேர்த்து 11,000 கிலோ வரைக்கும். கலிஃபோர்னியாவுல ட்ராவல் ட்ரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டினா தனி லைசென்ஸ், ட்ரெய்லர் இழுக்குற யாருக்கும் வேகம் 55தான். ட்ரெய்லருக்கு எப்ப தனி ப்ரேக் வேணும்ங்கிறதும் மாறும், நிறைய இடத்துல 3,000 பவுண்ட், கலிஃபோர்னியாவுல 1,500.

கொலராடோ மலைக்கு போறோம், வேற ஏதாவது?

டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் பவர் இழக்கும், ஐ-70ல ஐசன்ஹவர் டனல் 11,000 அடிக்கு மேல. ஏறுறது மெதுவா ஆகும், அவ்ளோதான். இறங்குறதுதான் விஷயம். லோடு இழுக்கும்போது போடுற டோ/ஹால் மோட் போட்டு, மேல இருக்கும்போதே கியரை இறக்கி, இன்ஜினை வச்சு வேகத்தைப் பிடிங்க. வேகம் ஏறினா ப்ரேக்கை நல்லா அமுக்கி இறக்கிட்டு விட்டுடுங்க, லேசா மிதிச்சுக்கிட்டே வந்தா ப்ரேக் சூடாகி பிடிக்காமப் போயிடும்.

பெட்டுல கேம்பர் இருக்கு, பின்னாடி போட் ட்ரெய்லரும் இழுக்கலாமா?

நம்பர் இடம் கொடுத்தா இழுக்கலாம், ஆனா கேம்பருக்கு அப்புறம் பேலோடுல என்ன மிச்சம்னு பாருங்க, டங் வெயிட்டுக்கு அந்த மிச்சம்தான். மொத்தம் ட்ரக்கும் கேம்பரும் போட் ட்ரெய்லரும் சேர்ந்து ஜிசிடபிள்யூஆர்னு மேனுவல்ல இருக்குற நம்பருக்குள்ள வரணும். கேம்பரோட பின்பக்கம் பம்பரைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கறதால ஹிட்ச் எக்ஸ்டென்ஷன் வேணும், நீளம் கூடக் கூட ரிசீவரோட ரேட்டிங் குறையும், அந்த சீசா கணக்கும் மோசமாகும். எக்ஸ்டென்ஷன் கம்பெனி எவ்ளோ குறைக்கச் சொல்றாங்களோ அதை எடுத்துக்கோங்க, ஒரிஜினல் ரிசீவர் நம்பரை இல்ல. செயினும் 7 பின் வயரும் அந்த நீளத்துக்கு எட்டாது, ரெண்டுக்கும் நீட்டிப்பு வாங்கி வீட்லயே மாட்டிப் பாத்துட்டு கிளம்புங்க.